குண்டுச் சத்தம் கேட்கும் தூரம்: போர்த்தொடர் நாவலும் வாசகர் குறையும்

1. ஒரு குறை, இரண்டு நாவல்கள்

புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு தம்பி இருக்கிறார். கணினி வேலை. மிச்ச நேரமெல்லாம் விண்வெளிப் போர்க்கதை. என் வற்புறுத்தல் தாங்காமல் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் படித்தார். பதிலுக்கு டேவிட் வெபர் எழுதிய ஹானர் ஹாரிங்டன் வரிசையின் 10ஆவது நாவலான ‘வார் ஆஃப் ஹானர்’ என் தலையில் கட்டப்பட்டது. இருவரும் முடித்தபின் காமராஜர் சாலையில் டீ குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “ரெண்டுலயும் பேசிக்கிட்டே இருக்காங்கண்ணா. சண்டை எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருந்தா புக்கு முடிஞ்சிடுது.”

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் வீடு வரை கூடவே வந்தது. ஒன்று, 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த, வேற்று நட்சத்திரங்களுக்கிடையே கப்பற்படைகள் மோதும் கதை. மற்றது, 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றிப் புதுச்சேரிக்காரர் ஒருவர் தமிழில் எழுதிய கதை. இரண்டுக்கும் எப்படி ஒரே குறை பொருந்தும்? போர்த்தொடர் ஒன்றின் நடுப்பாகத்தைக் கையில் எடுக்கும் வாசகர் எதை எதிர்பார்க்கிறார், அந்த எதிர்பார்ப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் கேள்வி. போர் ‘வரவில்லை’ என்ற குறை இரு நாவல்களிலும் ஒரே பொருளில் சொல்லப்படவில்லை என்பதும், அது நியாயமா என்பது அந்தப் போரை வாசகர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதும் என் வாதம்.

2. கப்பலின் கட்டளை மேடை

‘ஸ்பேஸ் ஓபரா’ என்ற பெயர் பாராட்டாகப் பிறந்ததல்ல. வில்சன் டக்கர் 1941இல் அதை ஏச்சாகத்தான் உருவாக்கினார். வானொலியில் சோப்பு விளம்பரத்தோடு ஓடிய அழுகைத் தொடர்களுக்கு ‘சோப் ஓபரா’ என்று பெயர் இருந்தது. அதே இழுவையை விண்கப்பலில் ஏற்றினால் ‘ஸ்பேஸ் ஓபரா’. இசை நாடகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. (தொடர்பு உண்டு என்று நினைத்தது தமிழ்ச் சினிமா ஒன்றுதான். 1963இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருவது படையெடுக்க அல்ல, தங்கள் கிரகத்தில் இசை இல்லை என்பதால் பாடகி ஒருத்தியைத் தூக்கிப்போக.)

இந்த வகையின் படைசார்ந்த கிளையில் வாசகர் சண்டை பழையது. ராபர்ட் ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ 1959இல் வெளிவந்தபோது, இது படைத்துறைக்குப் பாடும் துதி என்றும், குடிமைப் பொறுப்பைப் பற்றிய சிந்தனை என்றும் வாசகர் இரண்டாகப் பிரிந்தனர். ஹைன்லைன் அன்னாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் பயின்றவர். காசநோயால் போர் காணாமலே ஓய்வு பெற்றவர். வியட்நாமில் போரிட்டுக் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டிமன் 1974இல் ‘ஃபாரெவர் வார்’ எழுதினார். ஒளி வேகத்தை ஒட்டிப் பயணம் செய்யும் சிப்பாய்க்குச் சில ஆண்டுகள்தான் கழிகின்றன. அதற்குள் பூமியில் நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வந்தால் ஊர் அவனுடைய ஊராக இல்லை. பயிற்சி பெற்றவர் எழுதிய போருக்கும் அடிபட்டவர் எழுதிய போருக்கும் உள்ள வேறுபாடு இந்த வகையின் உள்ளேயே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

வெபரின் வரிசை 1993இல் ‘ஆன் பசிலிஸ்க் ஸ்டேஷன்’ நாவலோடு தொடங்குகிறது. அதை அவர் சி.எஸ். ஃபாரஸ்டருக்குக் காணிக்கையாக்கினார். ஃபாரஸ்டர், நெப்போலியன் காலப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஹார்ன்புளோவர் கடைநிலையிலிருந்து அட்மிரல் வரை உயரும் கதைகளை எழுதியவர். வெபர் அந்தக் கதையின் நாயகனை நாயகியாக்கி, நட்சத்திரங்களுக்கு நடுவில் மறுபடி நடத்தினார். இதற்காக அவர் புனைந்த இயற்பியல் ரசிக்கத்தக்கது. அவருடைய விண்கப்பல்களின் மேற்புறமும் அடிப்புறமும் எந்த ஆயுதத்தாலும் துளைக்க முடியாத ஈர்ப்புத் தகடுகளால் மூடப்பட்டவை. தாக்கவோ தாக்கப்படவோ பெரும்பாலும் பக்கவாட்டில்தான் முடியும். ஆகவே கப்பல்கள் வரிசைகட்டி, விலா காட்டி, ஒன்றையொன்று சுட வேண்டியதாகிறது. பாய்மரக் கப்பல் காலத்துப் போர்முறையைக் காப்பாற்றுவதற்காகவே விஞ்ஞானம் வளைக்கப்பட்டிருக்கிறது.

புதுச்சேரிக்காரருக்கு இதில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. நாயகியின் நாடு பிரிட்டன் சாயல் என்றால், பகைநாடு புரட்சிக்காலப் பிரான்சின் சாயல். அதன் புரட்சித் தலைவரின் பெயர் ராப் எஸ். பியர், சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ரோபெஸ்பியர் வந்துவிடுவார். ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் புரட்சியை வில்லனாக்கிய கதையில் பிரிட்டிஷ் சாயல் கப்பலுக்குக் கைதட்டுகிறார் எங்கள் தெருத் தம்பி.

இனி ‘வார் ஆஃப் ஹானர்’ மேல் அதன் சொந்த வாசகர்கள் வைக்கும் குறை. முந்தைய பாகங்களில் போர் நின்று, அமைதிப் பேச்சு இழுபறியாகிறது. ஆளுங்கட்சி சூழ்ச்சி, தூதுக் கடிதங்கள், நாடாளுமன்றம், அறைக்குள் ஆலோசனை என்று பக்கங்கள் ஓடுகின்றன. போர் மறுபடி மூள்வது கடைசியில். ‘கூட்டம், கூட்டம், கூட்டம்’ என்ற அலுப்பை இந்த வரிசையின் தீவிர அன்பர்களே மறைப்பதில்லை. ஏவுகணையின் வேகமும் வீச்சும் எண்ணிக்கையும் பக்கம்பக்கமாக வந்தால் அவர்களில் பாதிப்பேர் மகிழ்கிறார்கள். மீதிப்பேர் தாண்டிப் போகிறார்கள். நாயகி குறையே இல்லாதவள் என்பது மற்றொரு பொதுக் குற்றச்சாட்டு.

இந்தக் குறைகளுக்குப் பின்னால் உறுதியான ஓர் அளவுகோல் இருக்கிறது. இவ்வகையில் வாசகருக்கு ஒதுக்கப்படும் இடம் கப்பலின் கட்டளை மேடை. அங்கு நிற்பவருக்கு எதிரியின் நிலை திரையில் தெரியும். என்ன ஆணையிடுவது என்று அவரும் மனதுக்குள் கணக்குப் போடுவார். ஆணை சரியா தவறா என்பதைப் போர் தீர்க்கும். கூட்டங்கள் நீண்டால் அவர் தன் இடத்தை இழக்கிறார். ஆகவே குறை நியாயமானது. வெபரைப் பொறுத்தவரை நான் இன்னும் ஒரு படி போவேன். போர் தாமதமானது அந்த நாவலின் பெரிய பிழையில்லை. அத்தனை பேச்சும் அட்மிரலுக்கும் அமைச்சருக்கும் கீழே இருக்கும் எவருடைய அடுப்பையும் தொடுவதில்லை, பிழை அங்கேதான்.

3. நம் கைவசம் உள்ள போர்த்தொடர்கள்

தமிழில் ஏன் விண்வெளிப் போர்நாவல் வளரவில்லை என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், நமக்கு அறிவியல் மனப்பாங்கு போதாது என்பது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுஜாதா அறிவியல் கதையை வெகுஜன வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார், லட்சக்கணக்கானோர் படித்தார்கள். ‘என் இனிய இயந்திரா’வில் வருங்கால இந்தியா, சர்வாதிகாரம், கலகம் எல்லாம் உண்டு. ஆனால் வாசகர் நினைவில் தங்கியது படை எதுவுமில்லை. ஜீனோ என்கிற இயந்திர நாய். அறிவியலைத் தமிழ் வாசகர் தள்ளவில்லை. கட்டளை மேடையைத்தான் அவர் தேடவில்லை.

வெபரின் கதை எதன் பேரன் என்று பார்த்தோம்: கடற்படைக் கதையின் பேரன். அப்படியானால் நம்மிடம் அதற்கு மிக நெருங்கிய உறவு விண்வெளிக் கதை அல்ல, சாண்டில்யனின் ‘கடல் புறா’தான். குமுதத்தில் தொடராக வந்து மூன்று பாகங்களாக நூலானது. பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி ஸ்ரீவிஜயம் வரை நீளும் கடற்கதை. பறவை வடிவில் அமைக்கப்பட்ட போர்க்கப்பல். சீனக் கடற்கொள்ளைக்காரன் அகூதாவிடம் கடற்போர் கற்கும் நாயகன் இளையபல்லவன் என்ற கருணாகரத் தொண்டைமான். தம்பியிடம் இதைக் கொடுத்தபோது இரண்டே நாளில் முடித்தார். அவர் சொன்ன ஒரே குறை வருணனை பற்றியது. வெபர் ஏவுகணைக்குச் செலவிடும் பக்கங்களைச் சாண்டில்யன் நாயகிக்குச் செலவிடுகிறார். இரண்டையும் தாண்டிப் போகத் தெரிந்தவரே தொடர்கதை வாசகர்.

ஆனால் ‘கடல் புறா’ விதிவிலக்கு. தமிழில் மிக அதிகம் கொண்டாடப்பட்ட வரலாற்றுத் தொடரான ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தது. ஐந்து பாகம். படைத்தலைவர்கள், கோட்டைகள், ஈழப்போர், பகைநாடு எல்லாம் இருந்தும், விரித்து எழுதப்பட்ட பெரும் களப்போர் ஒன்றுகூட அதில் இல்லை. போர்கள் முன்பே நடந்து முடிந்திருக்கின்றன. அல்லது வேறெங்கோ நடந்து சேதியாக வருகின்றன. இது குறை என்று எவரும் கல்கியிடம் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டதே என்றுதான் வாசகர்கள் குறைப்பட்டார்கள். அவர்களுக்காகக் கல்கி எழுதிச் சேர்த்த முடிவுரை, கதைமாந்தர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று சொல்லி ஆற்றுப்படுத்துவதாகவே பெரும்பாலும் அமைந்தது. வாரத்தொடரின் வாசகர் கருத்து நூல்வரிசையின் கருத்தைப்போல் ஆண்டுகள் கழித்து வருவதில்லை. அடுத்த வாரமே தபாலில் வந்து விழும். அப்படிச் சுடச்சுட வந்த கேள்விகளிலும் முன்னின்றது மனிதர்களின் கதி. வியூகம் அன்று.

போரை விரும்பி எழுதிய தற்காலப் பெருந்தொடர் ஒன்று உண்டு. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை எழுதிய ‘வெண்முரசு’, 26 நாவல்கள். குருக்ஷேத்திரம் அதில் ‘திசைதேர் வெள்ளம்’, ‘கார்கடல்’, ‘இருட்கனி’, ‘தீயின் எடை’ என்று பல நாவல்களாக விரிகிறது. ஆனால் முதல் 17 நாவல்களைக் கடந்துதான் அந்தக் களத்துக்கே வந்து சேர வேண்டும். பொறுமையிழந்து இடையில் இறங்கியவர்களும் உண்டு. தொடர்ந்து வந்தவர்களுடன் பேசிப் பார்த்தால், களக்காட்சியைவிடக் களத்துக்கு முந்தைய இரவுகளையும் பிந்தைய அழுகையையுமே அதிகம் சொல்கிறார்கள்.

4. துபாஷியின் திண்ணை

இப்போது பிரபஞ்சனுக்கு வருவோம். 1945இல் புதுச்சேரியில் பிறந்து 2018இல் மறைந்த அவர், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாக வைத்து இந்த இரு நாவல்களையும் எழுதினார். முதலாவது தினமணி கதிரில் தொடராக வந்தது. இரண்டாவது 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ‘வானம் வசப்படும்’ என்ற தலைப்பை மட்டும் பார்த்தால் விண்வெளிக் கதை என்று தம்பி நம்பியதில் தப்பில்லை.

இந்நாவல்கள் பற்றி விமர்சகரிடையே நிலைபெற்ற கருத்து ஒன்றுண்டு: கல்கி, சாண்டில்யன் வழியில் வந்த அரசகுலக் கற்பனையை விலக்கி, வணிகர், தாசி, அடிமை, கூலி என்று சாதாரண மனிதர் வாழ்ந்த வரலாற்றை எழுதியவை என்பது. சரியான கருத்து. ஆனால் அது பாதி விளக்கம். அந்தக் காலப் புதுச்சேரி போர் ஓயாத ஊர். 1740இல் மராட்டியர் ஆர்க்காட்டு நவாபைக் கொன்றபோது அந்தக் குடும்பம் தஞ்சம் புகுந்தது இங்கே, துய்மா ஆளுநராக இருந்த காலத்தில். 1742இல் துய்ப்ளேக்ஸ் ஆளுநராக வந்தார். 1746இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னைப்பட்டினத்தைப் பிடித்தார். அதே ஆண்டு அடையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படைத்தலைவர் பராதி சில நூறு பிரெஞ்சு வீரரையும் பயிற்சி பெற்ற சிப்பாய்களையும் கொண்டு நவாபின் பெரும்படையை ஓடவைத்தார். ஐரோப்பிய முறைப் பயிற்சியும் விரைந்து சுடும் துப்பாக்கியும் எண்ணிக்கையை வெல்லும் என்பது இந்திய அரசர்களுக்குப் புரிந்த நாள் அது. 1748இல் ஆங்கிலேய அட்மிரல் போஸ்கவேன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். 1749இல் ஆம்பூரில் நவாப் அன்வருத்தீன் விழுந்தார். வெபர் போன்றவருக்கு இவ்வளவும் கிடைத்திருந்தால் ஒன்பது பாகம் எழுதியிருப்பார். பிரபஞ்சன் ஏன் அப்படி எழுதவில்லை?

பதில், அவர் கையிலிருந்த சான்றின் இருப்பிடத்தில் இருக்கிறது. நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை, பிள்ளையின் மரணம் வரை ஓடுகிறது. நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு அவர் இறந்தார். கலுவா மோம்பிரேன் 1846இல் அதைக் கண்டெடுக்காவிட்டால் நமக்கு இந்த நாவல்கள் இல்லை. பிள்ளை பிரெஞ்சு ஆளுநரின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்; வணிகர். அவர் களத்தில் நிற்கவில்லை. ஆளுநர் மாளிகைக்கும் பண்டசாலைக்கும் தன் வீட்டுக்கும் நடுவே நடமாடியவர். போர் அவரிடம் வருவது ஓலையாக, ஹர்க்காராவின் வாய்ச்சொல்லாக, கடலில் தெரிந்த பாய்மர எண்ணிக்கையாக, தூரத்துக் குண்டுச் சத்தமாக. சத்தம் கேட்டதும் அவர் கணிப்பது வியூகத்தை அன்று: யார் வீட்டைக் காலி செய்கிறார், சரக்கு என்ன ஆகும், துரை யார்மேல் கோபமாக இருக்கிறார், துரையின் மனைவி என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

1748 முற்றுகையையே எடுத்துக்கொள்வோம். படைவரலாற்று நூலில் அது அரியாங்குப்பத்துக் கோட்டை, அங்கு ஆங்கிலேயர் இழந்த நாட்கள், பராதியின் மரணம், மழை, போஸ்கவேனின் பின்வாங்கல். பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த வாரங்களின் பெரும்பாரம் நகருக்குள்ளே இறங்குகிறது: முற்றுகை நடக்கும்போதே, செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சுக்காரராலேயே இடிக்கப்படுகிறது. பகைவனின் பீரங்கி வெளியே, கடப்பாரை உள்ளே. கோயிலைக் காக்கக் கூடிய நாட்டார்கள் உறுதியாக நிற்கவில்லையே என்ற பிள்ளையின் ஆற்றாமை எந்தக் களக்காட்சியையும்விடக் கனமானது. கட்டளை மேடையில் நிற்கும் கண்ணுக்கு இது போரின் பகுதியாகவே தெரியாது. திண்ணையில் நிற்கும் கண்ணுக்கு இதுதான் போர்.

இந்தத் திண்ணைப் பார்வை பிள்ளையோடு தொடங்கியதும் இல்லை. ‘கலிங்கத்துப்பரணி’யை நினைத்துப் பாருங்கள். ‘கடல் புறா’வின் நாயகனாகப் பின்னால் வந்த அதே கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போரை, செயங்கொண்டார் நேரே சொல்லிவிடுவதில்லை. களம் கண்டு ஓடிவந்த பேய் காளியிடம் சேதியாகச் சொல்கிறது. சொல்லி முடித்ததும் காளியும் பேய்களும் களத்துக்குப் போய் அங்கே அடுப்பு மூட்டிக் கூழ் சமைக்கிறார்கள். நூலின் உச்சம் சமையல். பாரதப்போரைக் கண்ணில்லாத திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் சொல்கிறான். போரைக் கேட்கப்படும் சேதியாகவும், அது கடைசியில் யார் வயிற்றில் போய்ச் சேருகிறது என்ற கணக்காகவும் சொல்லும் முறை நமக்குப் பழக்கமானது. தொல்காப்பியர் எதிரெதிர் நின்று பொரும் தும்பையை நெய்தலின் புறமாக வைத்தார். அகத்தில் நெய்தலுக்கு உரியது இரங்கல். பொருத்தத்துக்கு உரையாசிரியர்கள் சொல்லும் காரணங்கள் பல. பரந்த வெளி என்பது ஒன்று. கடற்கரையில் நின்று காத்திருப்பவரின் புலம்பலும் களமும் அடுத்தடுத்த வீடுகள் என்று அந்தப் பாகுபாட்டைப் படிக்க எனக்கு ஆசை. அது என் படிப்பு, இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை.

ஆகவே ‘வானம் வசப்படும்’ மேல் ‘சண்டை வரவில்லை’ என்ற குறை, தவறான மேடையில் நின்று சொன்ன குறை. சண்டை முதல் பக்கத்திலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்காகப் பிரபஞ்சனை முழுக்கக் காப்பாற்றும் எண்ணமும் எனக்கில்லை. சில அத்தியாயங்கள் நாட்குறிப்பின் தோளில் அளவுக்கு மேல் சாய்ந்துவிடுகின்றன. காட்சியாக வேண்டியது தகவலாக நின்றுவிடுகிறது. இரண்டாம் நாவலில் கட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்பவர்களிடம் என்னால் வாதாட முடியாது. ஆனால் அங்கு நடக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே யாரோ ஒருவருடைய நிலமோ கோயிலோ உடம்போ பணயமாக இருக்கிறது. வெபரின் கூட்டங்களில் அது இல்லை.

5. எதிர்ச்சான்றுகள்

தமிழர் போரைக் கேட்டவர்கள் மட்டும்தானா, செய்தவர்கள் இல்லையா என்ற மறுப்பு உடனே எழும், எழவேண்டும்.

முதல் எதிர்ச்சான்று கான்சாகிப் என்ற யூசுப்கான். சிப்பாயாகத் தொடங்கி, கம்பெனியின் சிப்பாய்ப் படைக்கே தலைவராகி, மதுரையை ஆண்டு, எதிர்த்து நின்றவர். ஹார்ன்புளோவருக்கு ஈடான உயர்வு. முடிவு மட்டும் வேறு: 1764இல் தூக்கு. கடைநிலையிலிருந்து உச்சி வரை ஏறும் ஏணி அந்தப் படைகளில் வெள்ளை அதிகாரிக்கே போடப்பட்டிருந்தது. யூசுப்கான் போன்ற விதிவிலக்கைத் தவிர, சிப்பாய்க்குச் சுபேதாரோடு படி முடிந்தது. பதவி உயர்வே முதுகெலும்பாகக் கொண்ட ஒரு கதைவகை, அந்த ஏணியில் ஏறிப் பார்த்த சமூகத்தில் பிறந்ததில் வியப்பில்லை. யூசுப்கான் வாழ்க்கையை ‘மருதநாயகம்’ என்று கமல்ஹாசன் 1997இல் தொடங்கிய படமும் முடியாமல் நிற்கிறது.

இரண்டாவது, இதைவிட வலுவான எதிர்ச்சான்று ஈழம். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. முன்னாள் போராளியான குணா கவியழகன் ‘நஞ்சுண்ட காடு’, ‘விடமேறிய கனவு’, ‘அப்பால் ஒரு நிலம்’ என்று அடுத்தடுத்து எழுதினார். பயிற்சி, பசி, வேவு, கட்டளை, கட்டளையின் மேல் வரும் சந்தேகம் எல்லாம் இவற்றில் உள்ளிருந்து சொல்லப்படுகின்றன. இங்கே தமிழர் களத்தில் நிற்கிறார். என் வாதத்தை இது திருத்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: சேதியாகக் கேட்பது மட்டுமே நம் முறை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்நாவல்களின் வாசகர்கள் விவாதித்தது, ஆணை போர்முறைப்படி சரியா என்பதை அல்ல. இதை இப்படிச் சொல்ல இவருக்கு உரிமை உண்டா, யாருடைய சாவு எழுதப்படவில்லை என்பதை. ஹைன்லைனைவிட ஹால்டிமனுக்குப் பக்கத்தில் இருப்பவை இவை.

மூன்றாவதாக ஒன்று, எதிர்ச்சான்று என்பதைவிட முரண்நகை. ஹார்ன்புளோவர் வகைக் கதைக்கு உயிர் கொடுத்த பிரிட்டிஷ்-பிரெஞ்சுக் கடற்போர்கள் எங்கோ ஐரோப்பாவில் மட்டும் நடக்கவில்லை. 1759 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலேயத் தளபதி போக்காக்கும் பிரெஞ்சுத் தளபதி தஷேயும் வரிசைகட்டிச் சுட்டுக்கொண்டது இந்தக் கரையோரத்தில். 1782, 1783இல் பிரெஞ்சுத் தளபதி சுய்ஃப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று நம் கடல்முழுக்க ஐந்து முறை மோதினார்கள். சாரத்திலிருந்து கடற்கரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான். வெபர் நட்சத்திரங்களுக்கு ஏற்றுமதி செய்த போர்முறையின் அசல் சத்தம் எங்கள் ஊர்க்காரர் காதில் விழுந்திருக்கிறது. லபூர்தொனேயும் சுய்ஃப்ரேனும் இன்று இங்கே தெருப்பெயர்கள். அவ்வழியே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அவர்கள் கப்பல்காரர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

6. சொல்தாவின் கால விரிவு

திண்ணைக்கும் கட்டளை மேடைக்கும் நடுவில் புதுச்சேரியில் மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது: சொல்தா வீடு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய்வந்து, பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர்களை இங்கே இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போகும் முதியவர்களை ஊரில் எல்லாரும் பார்த்திருப்போம். கடற்கரைச் சாலையிலுள்ள, 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவுச்சின்னத்துக்கு எதிரே ஐஸ்கிரீம் சாப்பிட்டும் இருப்போம்.

ஹால்டிமனின் சிப்பாய் திரும்பி வரும்போது ஊர் மாறிவிட்டிருப்பதற்கு ஒளிவேகம் தேவைப்பட்டது. சொல்தாவுக்கு ஒரு கப்பலும் சில ஆண்டுகளும் போதுமாக இருந்தன. 1950களின் தொடக்கத்தில் மூவர்ணம் என்றால் நீலம், வெள்ளை, சிவப்பு என்றிருந்த ஊரிலிருந்து ஒருவர் சைகோனுக்குக் கப்பலேறுகிறார். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களிக்கிறார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறுகிறது. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி நிறைவேறுகிறது. போர் முடித்து வந்தவர் இறங்கிய கரையில் மூவர்ணம் வேறாக இருந்தது. அவர் எந்த நாட்டுக்காரர் என்பதை ஒரு விண்ணப்பத்தில் எழுதித் தரவேண்டியிருந்தது. தான் சுட்டவர்களும் ஒரு காலனியின் மக்களே என்பதை அவர் எப்போது உணர்ந்தார், உணர்ந்தாரா, வீட்டில் சொன்னாரா? இதை அட்மிரலின் மேடையிலிருந்தும் எழுத முடியாது, துபாஷியின் திண்ணையிலிருந்தும் எழுத முடியாது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவருடைய தாத்தா ஒருவர் சொல்தா என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “அவர் பேசவே மாட்டாருண்ணா. ஒரு தகரப் பெட்டி இருக்கு. உள்ள பிரெஞ்சுல ஏதோ புத்தகம், ரெண்டு போட்டோ” என்றார். அந்தப் புத்தகம் பெரும்பாலும் படைச் சேவைப் பதிவேடாக இருக்கும்: சேர்ந்த நாள், பிரிவு, போன இடம், பட்ட காயம், பெற்ற பதக்கம் எல்லாம் எழுதியிருக்கும்.

புதுச்சேரி, காரைக்கால் வீடுகளில் இப்படிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பென்ஷன் நின்றதும் அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். பெட்டியிலுள்ள போட்டோக்களில் யார் யார் நிற்கிறார்கள் என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்.